மொறிஸை விழுத்தியது ஜப்பான் இல்லை

தம்பி, நீர் கேட்டது இதுதான்: அப்பப்பா வாங்கிய 1957ஆம் ஆண்டு மொறிஸ் ஒக்ஸ்போட் இன்றைக்கும் கோண்டாவில் வீட்டிலிருந்து கோயிலுக்கும் கலியாணவீட்டுக்கும் போய்வருகிறது, இவ்வளவு உறுதியான காரைச் செய்த கொம்பனி எப்படி இருந்த இடம் தெரியாமல் போனது, ஜப்பான் கார் வந்ததாலா, அந்தப் பெயரில் இனி ஒரு கார் வருமா? யாழ்ப்பாணத்தில் யாரைக் கேட்டாலும் ஓம், ஜப்பான்தான் என்பார்கள். நாங்கள் கண்ணால் கண்டதும் அப்படித்தான். 1977க்குப் பிறகு இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள், டட்சன் சனியும் ரொயோட்டா கொரோலாவும் மிட்சுபிஷி லான்சரும் வந்து இறங்கின, மொறிஸும் ஒஸ்ரினும் பழைய கார்கள் ஆகிவிட்டன. ஆனால் அது எங்கள் ரோட்டில் நடந்த கதை. மொறிஸ் என்ற பெயருக்கு நடந்தது வேறு. அந்தப் பெயரை வைத்திருந்தவர்களே முப்பது வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அதை வெறுமையாக்கினார்கள். ஜப்பான் கார்கள் இங்கிலாந்தில் கால் ஊன்ற முன்னமே அதில் பெரும்பகுதி நடந்து முடிந்துவிட்டது.

முதலில் ஒன்று செய்து பாரும். உமது காரின் பொனற்றைத் திறந்து எஞ்சினைப் பாரும். இடையில் யாரும் மாற்றாமல் இருந்தால் அது 1489 சிசி, நாலு சிலிண்டர், ஒரு எஸ்யு காபுரேற்றர். பி-சீரிஸ் என்று அதற்குப் பெயர். அது மொறிஸ் எஞ்சினே இல்லை. பர்மிங்காம் பக்கத்தில் லோங்பிரிட்ஜில் இருந்த ஒஸ்ரின் கொம்பனியின் எஞ்சின். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த ஒஸ்ரின் ஏ40 இருக்கிறதே, அதன் 1200 சிசி எஞ்சினின் வழியில் வந்தது. காபுரேற்றர் மட்டும்தான் மொறிஸ் பக்கத்துச் சொத்து. எஸ்யு கொம்பனியை மொறிஸ் 1926இல் வாங்கியிருந்தார். ஆக அப்பப்பா மொறிஸ் என்று காசு கொடுத்து வாங்கிய நாளிலேயே அந்தக் காரின் நெஞ்சு ஒஸ்ரினுடையது. உமது கேள்விக்கான பதில் அங்கேதான் தொடங்குகிறது.

வில்லியம் மொறிஸ் 1877இல் பிறந்தவர். பதினைந்து பதினாறு வயதில் நாலு ஸ்ரேலிங் பவுண் முதலோடு ஒக்ஸ்போட்டில் சைக்கிள் திருத்தும் வேலையைத் தொடங்கி, 1913இல் முதல் காரை விட்டார். 1921இல் சந்தை படுத்திருந்த நேரம் மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருக்க இவர் விலையைக் குறைத்தார், 1924இல் போர்ட்டையும் முந்திப் பிரித்தானியாவின் முதல் கார் உற்பத்தியாளர் ஆனார். 1927இல் வோல்ஸ்லி என்ற இன்னொரு கார்க் கொம்பனி ஏலத்துக்கு வந்தபோது ஒஸ்ரினோடு போட்டிபோட்டு அதைத் தன் சொந்தக் காசில் வாங்கினார். 1938இல் ரைலியும் வந்து சேர்ந்தது. எம்ஜி என்ற ஸ்போர்ட்ஸ் கார் அவரது கராஜிலேயே பிறந்தது. பிறகு நபீல்ட் பிரபு என்ற பட்டம், ஒக்ஸ்போட்டில் ஒரு கல்லூரி, போலியோ வந்தவர்களுக்கு மூச்சு விட உதவும் இயந்திரங்களை ஒக்ஸ்போட் பக்கத்துக் கௌலியில் இருந்த தன் கார்த் தொழிற்சாலையிலேயே செய்து பேரரசு முழுவதும் உள்ள ஆஸ்பத்திரிகளுக்குச் சும்மா கொடுத்தது என்று அந்த மனிசனைப் பற்றித் தனியாக எழுதலாம். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அவர் வீட்டில் படிகள் தெளிவாக இருந்தன. உழைக்கிற குடும்பத்துக்கு மொறிஸ், கொஞ்சம் வசதி வந்தவருக்கு வோல்ஸ்லி, வேகமும் நேர்த்தியும் தேடுபவருக்கு ரைலி, வாலிபருக்கு எம்ஜி. ஒவ்வொன்றையும் ஒரு ஆள் ஏன் தேடிப் போய் வாங்கவேண்டும் என்பதற்கு ஒரு காரணம் இருந்தது.

அவரிடம் வேலை செய்த லெனாட் லோட் என்பவர் 1936இல் அவரோடு சண்டைபிடித்துக்கொண்டு வெளியேறினார். கௌலியைக் கல் கல்லாகப் பிரித்தெடுப்பேன் என்று அவர் சபதம் போட்டதாக அந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. அவர் போய்ச் சேர்ந்தது ஒஸ்ரினில். பிறகு ஒஸ்ரினின் தலைவரும் ஆனார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

மொறிஸ் என்றால் என்ன என்று ஒருவருக்குக் காட்டவேண்டுமென்றால் நான் ஒக்ஸ்போட்டைக் காட்டமாட்டேன், மைனரைத்தான் காட்டுவேன். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948 ஒக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோட் கண்காட்சிக்கு வந்தது. முதல் வாகனம் தயாரான பிறகு இசிகோனிசுக்கு அதன் அகலம் பிடிக்கவில்லை, நீளவாக்கில் இரண்டாக வெட்டி இழுத்து வைத்துப் பார்த்தார், நாலு அங்குலம் விலத்தியதும் கண்ணுக்குச் சரியாக வந்தது, அப்படியே விட்டுவிட்டார்கள். அதன் அடையாளம் இன்றைக்கும் இருக்கிறது. மைனர் பொனற்றின் நடுவே முன்னிருந்து பின்னாக ஒரு தட்டையான பட்டை ஓடும், அதுதான் அந்த நாலு அங்குலம். முதல் கால மைனர்களில் பம்பரின் நடுவிலும் ஒரு துண்டு வைத்துப் பூட்டியிருக்கும், ஏனென்றால் பம்பர்கள் பழைய அளவில் ஏற்கெனவே செய்து முடிந்திருந்தன. றாக் அண்ட் பினியன் ஸ்ரியறிங், முன் சஸ்பென்ஷனில் டோர்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி, அந்த விலைக்கு அப்படி வளைவில் நிற்கிற கார் அப்போது வேறு இல்லை. நபீல்ட் பிரபுவுக்கே அதைப் பிடிக்கவில்லை, உடைத்துத் தண்ணீரில் ஊற்றி அவித்த முட்டை மாதிரி இருக்கிறது என்றார். அவர் விரும்பாத அந்தக் கார்தான் 1960 டிசம்பரில் பத்து லட்சத்தைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார். 1971 வரை 16 லட்சத்துக்கு மேல் செய்தார்கள்.

1952இல் மொறிஸும் ஒஸ்ரினும் ஒன்றாக்கப்பட்டு பிரிட்டிஷ் மோட்டார் கோப்பரேஷன், பிஎம்சி, உருவானது. நபீல்ட் சில மாதம் தலைவராக இருந்துவிட்டு ஒதுங்கினார், அந்தக் கதிரையில் வந்து உட்கார்ந்தவர் யார் தெரியுமா? அதே லெனாட் லோட். பேச்சுக்கு இது இரண்டு சமமான கொம்பனிகளின் சேர்க்கை. நடைமுறையில் எஞ்சின் என்றால் ஒஸ்ரின் எஞ்சின், முடிவு என்றால் லோங்பிரிட்ஜ் முடிவு. அந்த வருடமே மைனருக்குள் ஒஸ்ரின் ஏ30இன் 803 சிசி எஞ்சின், ஏ-சீரிஸ் என்று அதற்குப் பெயர், ஏறியது. அது நல்ல எஞ்சின்தான், மைனரின் பழைய 918 சிசி சைட்வால்வை விட நல்லது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இசிகோனிஸ் அந்த இணைப்போடு வேலையை விட்டு அல்விஸ் கொம்பனிக்குப் போய்விட்டார். 1955இல் திரும்பிக் கூப்பிட்டார்கள், ஆனால் கௌலிக்கு இல்லை, லோங்பிரிட்ஜுக்கு. மினியை அவர் அங்கே இருந்துதான் செய்தார்.

எஞ்சினைப் பொதுவாக்கியது தவறில்லை. இரண்டு கொம்பனி சேர்ந்தால் அதைச் செய்யத்தான் வேண்டும், இல்லாவிட்டால் சேர்ந்து என்ன பயன். தவறு அதற்கு அடுத்த படியில் நடந்தது.

1958 டிசம்பரில் வோல்ஸ்லி 15/60 வந்தது, இத்தாலியின் பினின்பரீனா வரைந்த வடிவம், பின்பக்கம் செட்டை வைத்தது. அடுத்த சில மாதத்துக்குள் அதே கார் ஒஸ்ரின் ஏ55 கேம்பிரிட்ஜ் என்றும், மொறிஸ் ஒக்ஸ்போட் சீரிஸ் 5 என்றும், எம்ஜி மக்னற் என்றும், ரைலி 4/68 என்றும் வந்தது. அதே தகரம், அதே கதவு, அதே 1489 சிசி. எம்ஜிக்கும் ரைலிக்கும் இரண்டு காபுரேற்றர், வோல்ஸ்லிக்குள் மரப்பலகையும் தோல் சீற்றும், முன்பக்கக் கிறில் ஐந்துக்கும் வேறு வேறு. ஒரே கறியை ஐந்து சட்டியில் ஊற்றி ஐந்து விலை சொன்னது போலத்தான். எங்கள் பக்கம் கேம்பிரிட்ஜும் ஒக்ஸ்போட்டும் இரண்டும் ஓடின, தூரத்தில் வரும்போது எது எது என்று அடையாளம் பிடிக்கக் கிறிலைத்தான் பார்க்கவேண்டும். மாடு ஒன்று ஆற்றைக் கடக்கிற மொறிஸ் இலச்சினையைக் கழற்றிவிட்டால் அதை மொறிஸ் என்று சொல்ல வேறு எதுவும் மிஞ்சாது. உம்முடைய 1957 கார் சீரிஸ் 3. உடம்பாவது மொறிஸுக்கென்று செய்த உடம்பு. அதற்கு அடுத்த ஒக்ஸ்போட்டுக்கு அதுவும் இல்லை.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்று கேட்டால், முக்கிய காரணம் விற்பனை முகவர்கள். பிரித்தானியாவில் ஒவ்வொரு பட்டினத்திலும் ஒஸ்ரின் முகவர் ஒருவர், மொறிஸ் முகவர் ஒருவர், பெரும்பாலும் ஒரே தெருவில். கொம்பனிகள் சேர்ந்துவிட்டன, இவர்கள் சேரவில்லை. ஒஸ்ரின் கடைக்காரருக்கு ஒரு புதுக் கார் கொடுத்தால் மொறிஸ் கடைக்காரரும் தனக்கு ஒன்று வேண்டும் என்பார், வோல்ஸ்லி விற்பவரும் கேட்பார். ஒருவரையும் பகைக்க விரும்பாமல் எல்லோருக்கும் ஒரே காரை வேறு பெயரில் கொடுத்தார்கள். 1959இல் மினி வந்ததும் அப்படித்தான், ஒஸ்ரின் செவன் ஒன்று, மொறிஸ் மினி மைனர் ஒன்று. 1962இல் 1100 வந்தது, முதலில் மொறிஸ், பிறகு எம்ஜி, ஒஸ்ரின், வான்டன் பிளா, வோல்ஸ்லி, ரைலி என்று ஆறு பெயர். கார் என்னவோ அருமையான கார், அறுபதுகளில் பெரும்பாலான வருடங்களில் பிரித்தானியாவில் அதிகம் விற்றது அதுதான். ஆனால் அந்த விற்பனையை ஆறாகப் பிரித்தால் எந்தப் பெயருக்கும் பெருமை போய்ச் சேரவில்லை. இன்னொரு பக்கம் போர்ட் 1962இல் கோர்ட்டினாவை விட்டது. ஒரு பெயர், ஒரு கடை, சாதாரணமான பொறியியல், கணக்குப் போட்டு வைத்த விலை. போர்ட்காரர் ஒரு மினியை வாங்கி முழுவதும் கழற்றி ஒவ்வொரு பாகமாக விலை போட்டுப் பார்த்து, இதை விற்கிற விலைக்கு ஒரு காருக்கு முப்பது பவுண் அளவில் நட்டம் வருமே என்று கண்டார்கள். போட்டிக்காரனுக்குத் தெரிந்த கணக்கு சொந்த வீட்டில் சரியாகப் பார்க்கப்படவில்லை.

இதில் எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தருவது வோல்ஸ்லியும் ரைலியும். மொறிஸாவது கீழ்ப்படி, மலிவும் உழைப்பும் என்று சொல்லி ஓடலாம். நடுப்படியில் நிற்கிற பெயருக்கு அதன் தனித்தன்மையைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. ரைலிக்கென்று ஒரு எஞ்சின் இருந்தது, அந்தக் காலத்துப் பொறியியலாளர்கள் மதித்த எஞ்சின். அது போய், பெயர்ப்பலகை மட்டும் ஒஸ்ரினில் ஒட்டப்பட்டதும், கூடுதல் காசு கொடுக்க ஆட்களுக்குக் காரணம் இல்லாமல் போனது. 1969இல் ரைலியை நிறுத்தினார்கள். வோல்ஸ்லி 1975 வரை இழுபட்டது. கிறிலில் பெயருக்குப் பின்னால் சின்ன லைற் எரிகிற வோல்ஸ்லியை மானிப்பாய்ப் பக்கம் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அந்த லைற்றுக்கு இருந்த மரியாதையை அவர்களிடம் கேட்டுப் பாரும்.

1968இல் எல்லாவற்றையும் சேர்த்து பிரிட்டிஷ் லேலண்ட் ஆக்கினார்கள். லொறி செய்த லேலண்ட் கொம்பனியின் டொனால்ட் ஸ்ரோக்ஸ் தலைவர். அவர் வந்து பார்த்தபோது கையில் போர்ட்டோடு மோத ஒரு சாதாரண நடுத்தரக் கார் இல்லை. அப்போது ஒரு கொள்கை வகுத்தார்கள்: புதுமையான முன்சில்லு இழுவைக் கார்களுக்கு ஒஸ்ரின் பெயர், எளிமையான பின்சில்லு இழுவைக் கார்களுக்கு மொறிஸ் பெயர். இது காகிதத்தில் நல்ல யோசனை. பதினாறு வருடத்துக்குப் பிறகு மொறிஸுக்கு மறுபடி ஒரு வேலை கொடுத்தார்கள். ஆனால் அந்த வேலையைச் செய்யக் கொடுத்த கார் மரீனா.

மரீனா 1971இல் வந்தது. போர்ட்டிலிருந்து கூட்டிவந்த ரோய் ஹேய்ன்ஸ் வடிவமைத்தார். காசும் இல்லை நேரமும் இல்லை, ஆகவே இருந்ததையெல்லாம் பொறுக்கிச் சேர்த்தார்கள். ஏ-சீரிஸ் 1275, பி-சீரிஸ் 1798, முன் சஸ்பென்ஷன் 1948 மைனரிலிருந்து. மைனரில் அந்த சஸ்பென்ஷன் அருமை, ஏனென்றால் மைனர் மெலிந்த கார், எஞ்சினும் சின்னது. அதே அமைப்பின் மேல் 1798 சிசி இரும்பு எஞ்சினை ஏற்றினால் மூக்கு பாரமாகிவிடும், வளைவில் ஸ்ரியறிங்கைத் திருப்பினாலும் கார் நேரே போகப் பார்க்கும். ஆரம்பத்தில் பத்திரிகைக்காரர் ஓட்டிப் பார்த்து எழுதியது அதைத்தான், பிறகு அவசரமாகத் திருத்தினார்கள். இருந்தும் விற்றது. 1973இல் பிரித்தானியாவில் அதிகம் விற்ற கார்களில் இரண்டாம் இடம். ஆட்கள் மொறிஸ் என்ற பெயரை நம்பி வாங்கினார்கள். அப்பன் வைத்திருந்தது மைனர், மகன் வாங்கியது மரீனா. அந்த நம்பிக்கையைத்தான் அங்கே செலவழித்தார்கள். புதிதாக எதையும் அதில் போடவில்லை.

இங்கே யாழ்ப்பாணத்துக்கு வருவோம். எங்கள் நினைவில் மொறிஸ் ஏன் இவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று நீர் யோசித்ததுண்டா? அறுபதுகளின் தொடக்கத்திலேயே அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இலங்கையில் கார் இறக்குமதியை இறுக்கிவிட்டார்கள், 1977 வரை கதவு கிட்டத்தட்டப் பூட்டித்தான் இருந்தது. அந்தப் பூட்டிய கதவுக்கு வெளியேதான் மொறிஸின் சரிவு முழுவதும் நடந்தது. மரீனா ஒன்றை நான் குடாநாட்டு ரோட்டில் கண்டதே இல்லை. எங்களிடம் நின்றவை ஐம்பதுகளில் வந்தவை, அந்தப் பெயருக்கு இன்னும் பொருள் இருந்த காலத்தில் செய்தவை. இங்கிலாந்தில் ஒருவருக்கு மொறிஸ் என்றதும் துருப்பிடித்த மரீனாவும் வேலைநிறுத்தமும் ஞாபகம் வரும், எங்களுக்கு மைனர்தான் ஞாபகம் வரும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, இரண்டு பேரும் கண்டது வேறு வேறு.

அப்புறம், நான் மேலே சொன்ன அந்தப் பொது எஞ்சின், அதுதான் இந்தக் கார்களை இங்கே உயிரோடு வைத்திருந்தது என்பதையும் சொல்லவேண்டும். புதுப் பாகம் வராத ஊரில் ஒரு காரின் ஆயுள் பக்கத்து வீட்டுக்காரன் என்ன கார் வைத்திருந்து விட்டுப்போனான் என்பதில் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் ஒன்றை உடைத்தால் ஒக்ஸ்போட்டுக்கு பிஸ்டன் கிடைக்கும், வோல்ஸ்லி 1500இன் எஞ்சின் பாகம் எம்ஜி வைத்திருந்தவருக்கும் உதவும், ஏ35இன் சாமான் மைனருக்கு ஏறும். எந்தப் பெயர் எந்தப் பெயரோடு பொருந்தும் என்பதை எங்கள் மெக்கானிக்மார் கை நுனியில் வைத்திருந்தார்கள், கொம்பனிக்காரருக்கே அந்தளவு தெரிந்திருக்குமோ தெரியாது. 1990இல் மீண்டும் போர் மூண்டு குடாநாட்டுக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டபோது இந்தக் கார்கள்தான் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சின்னப் போத்தில் பெற்றோலை வைத்துக்கொண்டு, அதில் கொஞ்சத்தைக் காபுரேற்றருக்கு விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் நன்றாகச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள், பின்னால் வெள்ளைப் புகை ரோட்டை மூடிக்கொண்டு வரும், அந்த மணத்தை அறிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. புதிய ஜப்பான் எஞ்சினில் அது சரிவராது. ஏ40, முதல் ஏ-சீரிஸ் மைனர் போன்றவற்றின் அமுக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பது, 7.2 அளவுதான், அதனால் மண்ணெண்ணெய் போட்டாலும் பெரிதாகத் தட்டாமல் எரிக்கும். எரியாமல் மிஞ்சுகிற மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் இறங்கி ஒயிலோடு கலந்து ஒயிலைத் தண்ணியாக்கிவிடும், அடிக்கடி மாற்றவேண்டும், மாற்ற ஒயிலும் கிடைக்காது. அப்படியும் நோயாளியை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவை அவை, 1995 இடப்பெயர்வில் சாவகச்சேரி ரோட்டில் சனத்துக்கு நடுவே கிழவன் கிழவிகளை ஏற்றிக்கொண்டு ஊர்ந்தவை அவை.

ஆக, பாகம் பொதுவாக இருந்தது வைத்திருப்பவனுக்கு நன்மை, பெயருக்குக் கேடு. உள்ளே என்ன பொதுவாக இருந்தாலும் வாங்குபவன் கைவைத்து உணர்கிற ஏதாவது ஒன்று தனியாக இருக்கவேண்டும், ஸ்ரியறிங்கோ இருக்கையோ ஓட்டமோ எதுவோ. மைனருக்குள் ஒஸ்ரின் எஞ்சின் போட்டபோது மொறிஸ் சாகவில்லை, ஏனென்றால் மற்றதெல்லாம் மைனர். ஐந்து சட்டிக் கார்களில் அந்த மற்றதெல்லாம் இல்லை.

இது பிரித்தானியர் மட்டும் செய்த பிழை இல்லை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்சின் ஓல்ட்ஸ்மொபீல் 1897இல் தொடங்கிய பெயர், செவர்லேக்கு மேல், கடிலக்குக்குக் கீழ், சரியான நடுப்படி. 1977இல் அந்தக் காரை வாங்கியவர்களில் பலர் தங்கள் காருக்குள் இருப்பது செவர்லே எஞ்சின் என்று கண்டுபிடித்தார்கள், ஓல்ட்ஸ்மொபீலுக்குரிய பாகம் பொருந்தவில்லை. வழக்குகள் போடப்பட்டு கொம்பனி இழப்பீடு கொடுக்கவேண்டி வந்தது. அவர்கள் காசு கொடுத்தது ஓல்ட்ஸ்மொபீலின் ரொக்கற் எஞ்சின் என்ற பெயருக்கு. 2004இல் கடைசி ஓல்ட்ஸ்மொபீல் வெளியே வந்தது. பிளிமத், மெர்க்குரி, பொன்ரியாக் எல்லாம் அதே வழியில் போயின. எல்லாமே நடுப்படி அல்லது அதை ஒட்டியவை என்பதைக் கவனியும்.

மொறிஸின் முடிவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1975இல் பிரிட்டிஷ் லேலண்ட் காசில்லாமல் அரசாங்கத்தின் கைக்குப் போனது. அந்த வருடம் புதிதாக வந்த பெரிய காரை மறுபடி ஒஸ்ரின், மொறிஸ், வோல்ஸ்லி என்று மூன்று பெயரில் விட்டு, ஆறு மாதத்தில் மூன்று பெயரையும் கழற்றிவிட்டு பிரின்சஸ் என்று வைத்தார்கள். பதினாறு வருடத்துக்கு மேல் செய்த பிழையை ஆறு மாதத்தில் ஒத்துக்கொண்ட மாதிரி. அதோடு மொறிஸ் பெயரில் மிஞ்சிய கார் மரீனா ஒன்றுதான். அதற்குப் பதிலாக வரவேண்டிய காரின் திட்டமும் நிறுத்தப்பட்டது. 1980இல் மரீனாவின் முன்னையும் பின்னையும் மாற்றி மொறிஸ் இற்றல் என்று விட்டார்கள், கதவுகள் அதே மரீனாக் கதவுகள். இத்தாலிய வடிவமைப்புக் கொம்பனி ஒன்றின் பெயரை நினைவூட்டும்படி வைத்த பெயர் அது, ஆனால் வடிவம் வரைந்தது கொம்பனியின் சொந்த ஆட்கள்தான். 1984இல் இற்றல் நின்றது, அதன் இடத்துக்கு வந்தது ஒஸ்ரின் மொன்ரிகோ. சின்ன வான்களில் கொஞ்சக் காலம் ஒட்டிக்கிடந்த மொறிஸ் பெயர் அதிலிருந்தும் போனது. ஒஸ்ரினும் பிறகு அதிக நாள் நிற்கவில்லை.

இனி ஜப்பானைப் பார்ப்போம். எழுபதுகளின் நடுப்பகுதியிலிருந்து பிரித்தானியாவில் ஜப்பான் கார்களின் பங்கு சுமார் 11 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்று இரு தரப்பும் பேசி ஒரு உடன்பாடு வைத்திருந்தார்கள். மொறிஸ் பெயரின் கடைசி வருடங்கள் முழுவதும் அந்த அணை இருந்தது. மொறிஸின் வாடிக்கையாளரைக் கொண்டுபோனது கோர்ட்டினா, பிறகு ஐரோப்பியக் கார்கள். இன்னொன்றும் சொல்லவேண்டும். டட்சன் கார்களைச் செய்த நிசான் கொம்பனி 1953 முதல் ஒஸ்ரின் ஏ40 சோமசெற்றையும் அதற்குப் பிறகு ஏ50 கேம்பிரிட்ஜையும் உரிமம் வாங்கி ஜப்பானில் செய்தது. படிப்படியாக ஒவ்வொரு பாகத்தையும் அங்கேயே செய்யப் பழகினார்கள், கேம்பிரிட்ஜின் எஞ்சினைச் சின்னதாக்கித் தங்கள் எஞ்சினைச் செய்தார்கள். எங்கள் ஊரில் ஏ40 நின்ற இடத்துக்கு டட்சன் வந்தபோது அது முழுக்க அந்நியமான எஞ்சின் இல்லை. லோங்பிரிட்ஜில் தொடங்கியதை இவர்கள் ஐந்து பெயராக்கினார்கள், நிசான்காரர் ஒரு பெயரில் வைத்து வருடா வருடம் திருத்தினார்கள்.

வடிவம் பழசாகிவிட்டது, அதனால்தான் போனது என்றும் சிலர் சொல்வார்கள். அதற்குப் பதில் உமது முற்றத்திலேயே நிற்கிறது. உமது சீரிஸ் 3இன் வார்ப்புகளைத்தான் இந்துஸ்தான் மோட்டர்ஸ் வாங்கி 1957இல் இருந்து அம்பாசிடர் என்று செய்தது. கல்கத்தாப் பக்கத்து உத்தரபாராவில் 2014 மே மாதம் வரை அந்த வேலை நடந்தது. அங்கே நெடுங்காலம் சந்தை பூட்டியிருந்தது, போட்டியும் குறைவு, அது உண்மை. ஆனாலும் டெல்லி அமைச்சர் முதல் ரக்சிக்காரர் வரை அம்பாசிடர் என்றால் எது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதே காரை வேறு நாலு பெயரில் யாரும் விற்கவில்லை.

மொறிஸ் பெயரில் இனி கார் வருமா என்றும் கேட்டீர். பெயர் இப்போது சீனாவின் சாய்க் கொம்பனியிடம் இருக்கிறது. பிரிட்டிஷ் லேலண்டின் வழியில் கடைசியாக மிஞ்சிய எம்ஜி ரோவர் கொம்பனி 2005இல் முறிந்தபோது நான்ஜிங் கொம்பனி வாங்கியது, அது சாய்க்கோடு சேர்ந்தது. எம்ஜியை அவர்கள் உயிர்ப்பித்துக் கொழும்பிலும் விற்கிறார்கள், மொறிஸைத் தொடவில்லை. மினி பிஎம்டபிள்யூவிடம். அதைச் செய்வது கௌலியில், மொறிஸ் தொடங்கிய அதே ஊரில். நாளைக்கு யாராவது மின்சாரக் கார் ஒன்றுக்கு மொறிஸ் என்று பெயர் வைத்தால் நான் சந்தோஷப்படமாட்டேன், அது ஆறாவது சட்டி.

உமது காருக்கு வேண்டியதைச் சொல்கிறேன். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது ஏறின விலையைப் பார்த்து விற்கச் சொல்லி உமக்குப் பலர் சொல்லியிருப்பார்கள், விற்கவேண்டாம். எஞ்சின் பாகத்துக்கு ஒக்ஸ்போட் என்று கேட்டுத் திரியாமல் பி-சீரிஸ் 1489 என்று கேளும், கேம்பிரிட்ஜ் ஏ50, ஏ55, பழைய பெற்றோல் அம்பாசிடர் எல்லாவற்றின் சாமானும் பெரும்பாலும் சரிவரும். கதவு, கண்ணாடி, தகரம் என்றால் கேம்பிரிட்ஜைப் பார்க்கவேண்டாம், அது வேறு உடம்பு. பழைய அம்பாசிடரின் பாகங்களைத் தமிழ்நாட்டில் இருக்கும் சொந்தக்காரர் மூலம் விசாரியும். வாங்க முன்னம் பழைய பாகத்தைக் கழற்றி அளவெடுத்துப் படத்தோடு அனுப்பும், அம்பாசிடரில் மார்க் 1, மார்க் 2 என்று மாறிய இடங்கள் உண்டு.